மூன்று தடவை வந்தால்தான் குறை

அத்திம்பேரின் ஆபீஸ் பையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறதோ இல்லையோ, அந்தத் துப்பாக்கி இருக்கும். சூடு பார்க்கிற துப்பாக்கி. விசையை அழுத்தினால் எதிரே இருக்கிற பொருளின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பின்பக்கம் எத்தனை டிகிரி என்று எண் வரும். பின்னால் ஒரு காலம் வந்து ஊரே நெற்றிக்கு நெற்றி அதை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு நாலைந்து வருஷம் முன்பே எங்கள் வீட்டுக்கு அது வந்துவிட்டது. தோசைக்கல்லில் நீட்டி, "இருநூத்திப் பத்து. இப்போ ஊத்து" என்பார். காபி டம்ளரில் நீட்டி, "அறுபத்தெட்டு. குடிக்கலாம்" என்பார். அக்கா ஒருநாள் கடுப்பாகித் தன் முகத்தைக் காட்டி, "என்னையும் பாருங்கோ, நான் எத்தனையில இருக்கேன்னு" என்றாள். அவர் உண்மையாகவே பார்த்தார்.

"முப்பத்தாறு புள்ளி அஞ்சு. கொழப்பமில்லை."

அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டே அந்தக் கொழப்பமில்லைதான். நல்லது, பிரமாதம் எல்லாம் அவருக்குப் பழக்கம் இல்லை. கல்யாணமான புதிதில் அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும் அதையே சொன்னாராம். அக்கா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவள் வாயாடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளிடம் ஆறு மணி நேரம் கத்திவிட்டு வந்தும் தொண்டை அலுக்காது. வாசல் கதவைத் தள்ளும்போதே பாதிக் கதை சொல்லியாகிவிடும்.

அப்பா அம்மா போன பிறகு நான் இவர்களோடுதான் இருந்தேன், மலையாள நாட்டில், வலியசாலையில், கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அத்திம்பேருக்குக் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டருக்குள் திரையில் படம் வரைவதற்கென்றே ஒரு கார்டு இருக்கிறதே, கிராபிக்ஸ் கார்டு, அதைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் வதைத்துப் பார்க்கிற வேலை. வதை என்பது என் வார்த்தை. அவர் டெஸ்டிங் என்பார்.

ஒரே ஒரு தடவை அக்காவும் நானும் அந்த லாபுக்குப் போயிருக்கிறோம். வருஷத்துக்கு ஒருநாள் வீட்டு மனிதர்களை உள்ளே விடுவார்கள். உறை இல்லாத கார்டுகளை மேஜையில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். திரையில் மயிர் முளைத்த உருண்டை ஒன்று ஓயாமல் சுற்றியது. அந்த ஒவ்வொரு மயிரையும் வரைய வைத்தால் கார்டு படாதபாடு படும், அதுதான் சோதனையே என்றார். விசிறிகள் ஊளையிட்டன. எண்பத்து மூன்று டிகிரி, எண்பத்து நான்கு என்று ஏறிக்கொண்டே போயிற்று. திரையில் சம்பந்தமில்லாமல் ஒரு நிறப்புள்ளி தெரிந்தாலோ, கோடு விழுந்தாலோ, மொத்தமும் கறுத்துப்போனாலோ கார்டில் குறை. அத்திம்பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் அவ்வளவு நிம்மதியாக நின்று நான் வீட்டில் பார்த்ததில்லை.

அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "பாவம், அது என்ன தப்பு பண்ணித்து?"

"ஒரு தப்பும் பண்ணலை. பண்றதான்னு பாக்கறோம்."

"செத்துப்போயிட்டா?"

"இன்னொண்ணு எடுத்து மாட்டுவோம். ஒரு பெட்டியில பதினஞ்சு வரும்."

அங்கே அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு குறையை ஒரு தடவை பார்த்தால் அது குறை இல்லை. அதே சூடு, அதே நேரம், அதே வேலை எல்லாம் அப்படியே வைத்து மறுபடி வரவழைக்க வேண்டும். மூன்று தடவை வந்தால்தான் குறை என்று பதிவில் ஏற்றுவார்கள். வராவிட்டால் "மறுபடி வரவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். எல்லா லாபிலும் இதே சட்டமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மற்றவர்கள் அதை சாயங்காலம் லாபில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தச் சட்டம் சரியாக வந்த நாளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கார்டில் இடது மேல் மூலையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி வந்ததாம். கூட வேலை செய்தவர்கள் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். இவர் விடவில்லை. மூன்று நாள் அதே கார்டை ஓட்டினார். புள்ளி வரவே இல்லை. கடைசியில் பார்த்தால் குறை கார்டில் இல்லை, திரைக்குப் போகிற கேபிளில். அன்று போளியும் பாயசமும் வாங்கிக்கொண்டு வந்தார். இலையில் போளியைப் போட்டு அதன்மேல் பாயசத்தை ஊற்றிக்கொண்டு, "ஒரு தடவை கண்ணுல பட்டதை நம்பி எல்லாரும் ஒரு பெட்டியையே திருப்பி அனுப்ப இருந்தாளாக்கும்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். நாங்களும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம்.

சாலைக் கடைத்தெருவில் மின்விசிறி வாங்கப் போன கதை இன்னும் வேடிக்கை. கடையிலேயே விசிறியை மாட்டி முழு வேகத்தில் ஓடவிடச் சொல்லி, ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். நடுநடுவே எழுந்து மோட்டாரில் சிவப்புப் புள்ளியைப் போட்டார். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சாமி, பொண்ணு பாக்கப் போன வீட்லகூட இவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டீரு போலுக்கே!"

"அங்கே அரைமணிதான் குடுத்தா" என்றார் அத்திம்பேர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். கடையே சிரித்தது. அந்த விசிறி இன்றும் என் அறையில் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எனக்கு முதன்முதலாகச் சுருக்கென்று தைத்தது வேறு இடத்தில். நான் அப்போது ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்திருந்தேன். அங்கே என் மேலதிகாரி ஒருநாள், ஃபைல் வாங்குகிற சாக்கில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். வீட்டுக்கு வந்து அக்காவின் மடியில் விழுந்து அழுதேன். அத்திம்பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரித்தார். எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், சரியாக என்ன வார்த்தை.

"ஒரு தடவைதானே? கை தெரியாமக்கூடப் பட்டிருக்கலாம். இன்னொரு தடவை பண்றானா பாரு. அவசரப்பட்டா நீதான் பொய் சொல்றேம்பா."

"உங்களுக்கென்ன பிராந்தா?" என்று அக்கா கத்தினாள். "அவ எதுக்கு இன்னொரு தடவை நிக்கணும் அவன் முன்னாடி?"

நின்றேன். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. மூன்றாவதற்குப் பிறகு அத்திம்பேரே ஆபீசுக்கு வந்தார். தேதி, மணி, வார்த்தை எல்லாம் அச்சடித்தது போல எழுதிய ஒரு காகிதத்தை எங்கள் பெரிய அதிகாரியின் மேஜையில் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. என் மேலதிகாரியால் ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் மாற்றிவிட்டார்கள். ஆபீசில் எல்லாப் பெண்களும் உன் அத்திம்பேர் மாதிரி உண்டா என்றார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மூன்றாவது தடவை அந்த ஆள் என் இடுப்பில் கை வைத்தார் என்பதை, அத்திம்பேர் ஜெயித்துவிட்ட பிறகு எப்படிச் சொல்வது?

அக்காவுக்கு முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கூட்டு கிளறிக்கொண்டிருந்தாள். வலது கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள், கை மடங்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "சாவி" என்றாள். பிறகும் "சாவி, சாவி" என்றாள். கண் உப்பு ஜாடியைக் காட்டுகிறது, வாய் சாவி என்கிறது. உதடு ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நான் அலறினேன். அத்திம்பேர் ஓடி வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அக்கா எழுந்து கையை உதறிக்கொண்டு, "ஒண்ணுமில்லைடி குட்டி, நேத்திக்குப் பூரா எழுதினதுல மரத்துப்போயிடுத்து" என்று சிரித்தாள். நான் டாக்டரிடம் போகலாம் என்றேன். அத்திம்பேர் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்தார். தேதி போட்டு, "ஏழு நிமிடம். வலது கை. வாய்" என்று எழுதினார்.

மறுநாள் அவர் செய்ததை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதே நேரத்துக்கு அக்காவை அதே அடுப்பு முன்னால் நிற்க வைத்தார். அதே வாணலி, அதே கரண்டி, காலையில் அதே அளவு காபி. ஜன்னலைக்கூட முந்தின நாள் போலவே பாதி சாத்தினார். துப்பாக்கியை அடுப்பில் ஒரு தடவையும் அவள் கையில் ஒரு தடவையும் நீட்டினார். அக்கா பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கிளறினாள். பத்து நிமிஷம், கால் மணி. கரண்டி விழவில்லை. "நான் பாஸா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை, வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு நானும் சிரித்தேன்.

அவர் "மறுபடி வரவில்லை" என்று எழுதி நோட்டை மூடினார்.

இரண்டாவது தடவை சாலைக் கடைத்தெருவில், பன்னிரண்டு நாள் கழித்து. அக்காவும் நானும் பருப்பு வாங்கப் போயிருந்தோம். கடையில் துவரம்பருப்பு என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வார்த்தை வரவில்லை. வலது கையில் இருந்த பை கீழே விழுந்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினேன், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அதற்குள் அக்காவுக்கு வாய் திரும்பிவிட்டது. "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோடி" என்றாள். கேட்டேன்.

"இப்போ சரியாயாச்சோ?" என்றார் போனில்.

"ஆயாச்சு. ஆனா அத்திம்பேர், நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிடறோம்."

"சொல்றதைக் கேளு, குட்டி. இப்போ போனா வெறுதே, ஒரு பிரயோஜனமும் இல்லை. டெஸ்ட் பண்றச்சே குறை இருக்கணும். இல்லாட்டா எல்லாம் நார்மல்னு சொல்லி அனுப்பிடுவா, அப்புறம் நெஜமா வந்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டா. எத்தனை நிமிஷம் இருந்ததுன்னு மாத்திரம் குறிச்சுக்கோ. இன்னொரு தடவை வரட்டும், கையோட போயிடலாம்."

அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. அவர் சொன்ன எதுவும் அதுவரை தப்பாகப் போனதில்லை. கேபிள், விசிறி, என் ஆபீஸ் எல்லாம் ஒரு கணம் மனதில் வந்து போயின. நான் காலை ஆட்டோவிலிருந்து வெளியே எடுத்தேன். டிரைவர் மலையாளத்தில் ஏதோ திட்டிவிட்டுப் போனார். நாங்கள் திரும்பிப் போய்ப் பருப்பு வாங்கினோம். நாலு நிமிஷம் என்று நானே அவரிடம் சொன்னேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது தடவை வகுப்பில் வந்தது. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டு அக்கா சரிந்திருக்கிறாள். இந்தத் தடவை ஏழு நிமிஷத்தில் சரியாகவில்லை. நாலு நிமிஷத்திலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். "இதினு மும்பு இங்ஙனெ வந்நிட்டுண்டோ?" என்று கேட்டார். இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்றுதான் கேள்வி. அத்திம்பேர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கத்தைச் சரியாகப் பிரித்துக் கொடுத்தார். டாக்டர் படித்தார். இரண்டு தேதி, நிமிஷக் கணக்கு, எந்தக் கை, அடுப்பின் சூடு. நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

தானாகச் சரியாகிப்போனாலும் அன்றைக்கே வந்திருக்க வேண்டும், மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டு விட்டுப்போனதற்கு அடையாளம் அது, பலருக்கு இப்படி ஒரு எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை, உங்களுக்கு இரண்டு கிடைத்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு தடவை வந்தா அது..." என்று அத்திம்பேர் தொடங்கினார். நோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு வலது பக்கம் போயிற்று. பேச்சு முழுக்கப் போயிற்று. நாங்கள் பேசுவது புரியும், பதில் மட்டும் வராது. வாசல் கதவைத் தள்ளும்போதே பாதிக் கதை சொன்னவள், சக்கர நாற்காலியில் வாயைத் திறந்து திறந்து மூடுவாள்.

அத்திம்பேர் வேலையை விட்டார். குளிப்பாட்டினார், ஊட்டினார், தலை பின்னக் கற்றுக்கொண்டார். கஞ்சியில் துப்பாக்கியை நீட்டி நாற்பது டிகிரி வந்த பிறகுதான் ஸ்பூனை எடுப்பார். தெருவே புகழ்ந்தது. "இப்படி ஒரு ஆம்படையான் யாருக்குக் கிடைப்பா!" என்று எதிர்வீட்டு மாமி என்னிடமே வந்து சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் செய்ததில் ஒன்றுகூட வேஷம் இல்லை. அதனால்தான் அவரை முழுசாக வெறுக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. மன்னிப்பு என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை, அக்காவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஒரே ஒருநாள் கிணற்றடியில் அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "லாபுல என் கையால ஒரு கார்டுகூட அநியாயமாப் போனதில்லை, குட்டி" என்றார். அங்கே பெட்டியில் இன்னும் பதினான்கு இருந்தது அத்திம்பேர் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நோட்டு நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்காவின் எதிரே உட்கார்ந்து, "உன் பேர் சொல்லு. என் பேர் சொல்லு. இது என்ன?" என்று கேட்பார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. அவள் வாயைக் கோணிக்கொண்டு தவிப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பகல்ல ஏதாவது வார்த்தை வந்ததோ?" என்பார். இல்லை என்பேன். "வரவில்லை" என்று எழுதுவார்.

எட்டாவது மாதம், ஒரு மத்தியானம், அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சிக்கை இழுத்துவிட்டேன் போலிருக்கிறது.

"குட்டி" என்றாள்.

தெளிவாக, பழைய குரலில், கொஞ்சம் அதட்டலோடு. சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. முன்னால் வந்து மண்டியிட்டு, "இன்னொரு தடவை சொல்லு அக்கா, இன்னொரு தடவை" என்று கெஞ்சினேன். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நான் யாரைப் போலப் பேசுகிறேன் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் இடது கையால் என் கன்னத்தைத் தட்டினாள். இரண்டு பேரும் அழுதோம்.

ஆறு மணிக்கு அவர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். "ஏதாவது வார்த்தை வந்ததோ?"

சொன்னால் அவர் அழுதிருப்பார், எனக்குத் தெரியும். அவருக்கு அதைவிடப் பெரிசாக வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட மறு நிமிஷம், மறுபடி சொன்னாளோ என்று கேட்டிருப்பார்.

"இல்லை அத்திம்பேர்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டி நான் சொன்னது பொய் என்று அவளால் காட்டியிருக்க முடியும், அந்த அளவுக்குத் தெம்பு இருந்தது. அவள் ஆட்டவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் "வரவில்லை" என்று எழுதினார்.

அடுத்த இடவப்பாதி மழையில், வைகாசிக் கடைசியில், அக்கா போய்ச் சேர்ந்தாள். அந்த வார்த்தை மறுபடி வரவே இல்லை. பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து வாத்தியார் கிளம்பின பிறகு, வெறும் கூடத்தில் அத்திம்பேர் என்னைக் கேட்டார். "நான் இல்லாத சமயத்துல, ஒருநாளாவது, ஒரு வார்த்தையாவது சொன்னாளோ?" இல்லை என்றேன்.

இப்போது கோயம்புத்தூரில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். போன மாதம் அக்காவின் திதியன்று போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது. சௌக்கியம் விசாரித்தார். அந்தப் பக்கம் தாள் புரள்கிற சத்தம் கேட்டது.

"நோட்டை எடுத்துப் பாத்திண்டிருக்கேன், குட்டி. எல்லாப் பக்கத்திலும் வரலை, வரலைன்னே இருக்கு. நெஜமாவே ஒண்ணும் சொல்லலையா அவ?"

"இல்லை அத்திம்பேர்."

"செரி" என்று வைத்துவிட்டார்.

அந்த வார்த்தை வந்த அன்று, பதிமூன்றாம் நாள், இப்போது போனில், மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் அதே பதில்தான் வந்தது. இனி அவர் அதைச் சந்தேகப்பட மாட்டார்.